பெயர் எழுதாத படத்தை எனக்கு அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் படிக்காமலே "அருமை டீச்சர்" என்று எழுதாதீர்கள். முப்பத்தைந்து வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவளுக்கு அது தெரிந்துவிடும்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன் குடும்பத்தோடு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து படங்கள் போட்டிருந்தான். வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் உள்ள டிம்போலா என்ற வீடு. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாள், புகைப்படக் கலை பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வாழ்ந்து படம் எடுத்த இடம். "1990-களில் இடிக்க இருந்தார்களாம், ஒரு அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றி மியூசியம் ஆக்கிவிட்டது. நம்ம ஊரில் இப்படி நடக்குமா டீச்சர்?" என்று என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தான். கீழே நாற்பது பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தீர்கள். "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்று என் சொந்தத் தம்பி மகனே எழுதியிருந்தான்.

நடக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: நடக்காதுதான். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஓட்டு வீடுகள், தூண் வைத்த திண்ணை வீடுகள் எத்தனை அடுக்குமாடி ஆயின என்பதை உங்களைவிட நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். அதில் சண்டை இல்லை. அந்த வீட்டைப் பார்த்து நீங்கள் எதற்குக் கைதட்டினீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் பெயரைப் பாருங்கள். டிம்போலா. இது இங்கிலீஷ்காரர்களின் பெயரா? இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் உள்ள டிம்புள்ள. அந்தக் குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டம் இருந்தது, அந்த நினைவில் 1860-ல் வாங்கிய வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வீடுகளை வாங்கி நடுவில் ஒரு கோபுரம் கட்டி ஒரே வீடாக்கினார்கள். காப்பிக் காசு. அந்தக் காப்பியை யார் பறித்தார்கள்? ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போய், மன்னாரில் கரையேறி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்த நம் ஆட்கள். வழியிலேயே காலராவில் விழுந்தவர்கள் ஏராளம். அந்த வீட்டு வாசலில் எழுதியிருக்கும் பெயர் நம் சனம் வேர்வை விட்ட மண்ணின் பெயர். பிள்ளை போட்ட படங்களில் ரோஜாத் தோட்டம் இருந்தது, டீக்கடை இருந்தது. இலங்கை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அந்த அம்மாளை நான் தூற்ற வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்கும். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்கு என்று ஒரு கேமரா வாங்கிக் கொடுக்க, கோழிக்கூண்டைப் படமெடுக்கும் அறையாகவும் கரி போடும் இடத்தை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர். நாற்பத்தெட்டு வயதில் நம் வீட்டுப் பெண்கள் "இனிமே எனக்கு என்ன" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்காகவே அவரை நான் வகுப்பில் பாடமாக நடத்தத் தயார்.

ஆனால் அவர் எப்படிப்பட்ட படக்காரர் என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டிய காலம். எதிரே உட்கார்ந்தவர் நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கவிஞர் டென்னிசன் பக்கத்து வீட்டுக்காரர், அவரும் உட்கார்ந்தார். விஞ்ஞானி ஹெர்ஷல் உட்கார்ந்தார். டார்வின் உட்கார்ந்தார். பெயர், வருஷம் எல்லாம் பத்திரம். சரி, பெரிய மனிதர்கள், விடுங்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணை மாதா வேஷத்தில் உட்கார வைத்தார். அவர் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்றைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை வீட்டில் சேர்த்து வளர்த்தார். அந்தப் பெண் மேரி ரயன். அவர் படத்தைப் பார்த்து மயங்கிக் கட்டிக்கொண்டவர் ஹென்றி காட்டன், இந்திய சிவில் சர்வீஸ்காரர், பிற்பாடு 1904-ல் நம் காங்கிரஸ் மகாசபைக்கே தலைவரானவர். பிச்சைக்காரச் சிறுமிக்கும் பெயர் இருக்கிறது, பிழைப்பும் கதையும் இருக்கிறது.

அந்த அம்மாள் எழுத்து விஷயத்தில் அலட்சியமானவரும் இல்லை. படம் ஒட்டிய அட்டையில் தன் கையெழுத்தில் தலைப்பு எழுதுவார், தன் பெயர் எழுதுவார். வேறு யாரும் அச்சடித்து விற்றுவிடக் கூடாது என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை லண்டனில் முறைப்படி பதிவு செய்தவர். உரிமை என்றால் என்ன, பெயர் என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது இலங்கைக்கு வருவோம். கணவர் சார்லஸ் கேமரன் சாதாரண ஆள் இல்லை. 1830-களின் தொடக்கத்தில் இலங்கையின் நிர்வாகமும் நீதிமன்றமும் எப்படி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவில் பாதி இவர். அந்தத் தீவில் நிறைய நிலம் வாங்கினார். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது, தோட்டங்கள் சாய ஆரம்பித்தன, குடும்பத்துக்கு வருமானம் சுருங்கியது. 1875-ல் டிம்போலாவை விட்டு இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். மேற்குக் கடலோரம் களுத்துறையில் சில காலம். 1879 ஜனவரி 26-ல் டிக்கோயாப் பக்கம் கிளென்கெய்ர்ன் தோட்டத்துப் பங்களாவில் அந்த அம்மாள் இறந்தார். பொகவந்தலாவையில் மாதா கோயில் கல்லறையில் அடக்கம். மறு வருஷம் கணவரும்.

இலங்கையிலும் படம் எடுத்தார். இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. யாரை எடுத்தார்? வேலைக்காரர்களை, ஊர்க்காரர்களை, கூலி ஆட்களை. அருமையான படங்கள், பொய் சொல்ல மாட்டேன். முகங்களில் ஒரு கனம் இருக்கிறது. ஆனால் தலைப்பைப் படியுங்கள்: "களுத்துறைக் குடியானவர்கள் ஒரு கூட்டம்". அவ்வளவுதான். மேரி ஹில்லியர் எங்கே, மேரி ரயன் எங்கே? ஒரு முனியாண்டி இல்லை, ஒரு பொடி அப்பு இல்லை. அவர்களில் யார் தமிழர், யார் சிங்களர் என்றுகூட இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் துணியையும் காதையும் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மரியான் நார்த் என்ற ஓவியப் பெண்மணி அந்தச் சமயம் களுத்துறையில் இவர்கள் வீட்டில் தங்கினார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1892-ல் புத்தகமாக வந்தன. அதில் சிரிப்பாக ஒரு செய்தி சொல்கிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு அழகாக இருந்ததாம். அந்த முதுகில் கேமரன் அம்மாளுக்கு அவ்வளவு மோகம். அந்த ஆளைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது, அந்த ஆளுக்குத் தோட்டக்காரன் என்றால் என்ன என்றும் தெரியாது. இதுதான் வேடிக்கை. நூற்று நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த மனிதரின் முதுகு அழகு என்று உலகத்துக்குத் தெரிகிறது. அவர் பெயர் தெரியவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று அங்கே இருந்த மூன்று படித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

"அந்தக் காலத்தில் யார் டீச்சர் கூலி ஆட்கள் பேரையெல்லாம் எழுதினார்கள்?" என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். எழுதினார்கள், கண்ணு! நன்றாகவே எழுதினார்கள். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்று ஒரு பேரேடு. காலையில் பிரட்டுக் களத்தில் நின்றவர் யார், நிற்காதவர் யார், யாருக்கு அரைப் பேர், கங்காணியிடம் யார் எவ்வளவு கடன் என்று பெயர் வாரியாக எழுதிய கணக்கு அது. ஒரு கூட்டம் தோட்டம் மாறினால் அதன் கடன் துண்டுச் சீட்டாகக் கூடவே போனது. ஆக, பெயர் பக்கத்து அறையில் மையில் இருந்தது. சம்பளம் பிடிக்கப் பெயர் வேண்டியிருந்தது, கடன் வசூலிக்கப் பெயர் வேண்டியிருந்தது. படத்துக்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை. தெரியாமல் விட்டதற்கும் தேவையில்லை என்று விட்டதற்கும் வித்தியாசம் உண்டு.

புகைப்படக் கலையின் சரித்திரத்தையே பெரிய வீடுகளின் சரித்திரமாகத்தான் நமக்குச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் லேகாக் அபே என்ற மாளிகையில் ஃபாக்ஸ் டால்பாட் என்ற கனவான் 1835-ல் தன் வீட்டு ஜன்னலைத் தாளில் பிடித்தார், அதுதான் ஆரம்பம் என்பார்கள். அங்கேயும் பாருங்கள், அவர் வீட்டு வேலையாள் நிக்கோலாஸ் ஹென்னெமன் படக் கலை கற்று, தனியாகத் தொழில் நடத்தி, சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டார். வீட்டு வேலையாளுக்குப் பெயர் வைக்க அவர்களுக்குத் தெரியும். கடல் தாண்டினால் மறந்துவிடும்.

அந்த அம்மாள் இலங்கையில் இருந்த அதே வருஷங்களில் கடலுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1876–78. தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைக் கப்பல் ஏறியவர்கள் கணக்கற்றவர்கள். பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி அப்போது பஞ்ச நிவாரணக் கூலி வேலையாக வெட்டியதுதான். அந்தப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னை ராணுவக் குதிரைப்படை அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். படத்துக்காக உட்கார வைத்தது பார்த்தாலே தெரியும். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள், ஏனென்றால் நீங்களேதான் எனக்கு வருஷத்துக்கு நான்கு முறை அனுப்புகிறீர்கள், சோக வயலின் சேர்த்து, "கடைசி வரை பாருங்கள், கண்ணீர் வரும்" என்று. அந்தப் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று ஹூப்பர் எழுதவில்லை. பட்டினியில் கிடந்தவர்களிடம் பெயர் கேட்கச் செலவு ஒன்றும் இல்லை.

இதுவரை வெள்ளைக்காரரைத் திட்டினேன், உங்களுக்கு இதமாக இருந்திருக்கும். இனி உங்கள் முறை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது அவளுக்கே கல்லூரி போகும் வயதில் பிள்ளை இருக்கிறது. அவள் பாட்டி மலையகத்திலிருந்து வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்களே, அந்தப் பங்கில் இந்தியாவுக்கு வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம், பிறகு மகன்களுக்கு வேலை தேடி அம்பத்தூர் எஸ்டேட். எஸ்டேட் என்ற பெயரைக் கேட்டு இங்கேயும் தேயிலைதான் என்று நினைத்துவிட்டதாகப் பாட்டி என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா அப்பா ஷிஃப்டில் இருப்பதால் அவர்தான் வருவார். அவருடைய ஒரே படம், பாஸ்போர்ட்டுக்காக அங்கே ஸ்டுடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, ஓரம் மடிந்த சின்னப் படம்.

பாட்டி இறந்து வெகு நாளாயிற்று. இரண்டு மாதம் முன்பு அந்தப் படத்தைப் பேரன் ஒருவன் ஏதோ செயலியில் போட்டான். அது கலர் ஆயிற்று. கறுத்த பாட்டி மாநிறமானார். கண் தேன் நிறமானது. கன்னத்துச் சுருக்கம் போய்விட்டது. குடும்பக் குழுவில் எல்லோரும் இதயம் போட்டார்கள், ஒருவர் வெளியே அனுப்பினார், அவர் இன்னொருவருக்கு. ஆறு வாரத்தில் அது சுற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் கைக்கே திரும்பி வந்தது, இந்த வரியோடு: "அரிய புகைப்படம். 1870. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண். வெள்ளைக்காரப் பெண்மணி எடுத்தது." ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். பாட்டியை நூறு வருஷம் பின்னால் தள்ளி, முகத்தை மாற்றி, பெயரைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பெண் போனில் என்னிடம் அழுதாள். "டீச்சர், கீழே ஒருத்தர் 'பாவம் அனாதை'னு போட்டிருக்கார்" என்றாள். பேரன் பேத்தி பதினாறு பேர் பார்த்த மனுஷி!

படித்தவர்கள் பகிர்ந்திருந்தீர்கள். நம் பள்ளியில் படித்தவர்களும் இருந்தீர்கள், பட்டியல் என்னிடம் இருக்கிறது. 1870-ல் இலங்கையில் தேயிலை எங்கே இருந்தது? ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் நட்டதுதான் தோட்டத் தொழிலின் ஆரம்பம், மற்ற மலையெல்லாம் காப்பி. கேமரன் அம்மாள் அங்கே குடிவந்ததே 1875-ல். ஒரு வரி யோசித்தால் உடையும் பொய். யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் படத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒரு ஆளாகத் தெரியவில்லை, ஒரு "அரிய புகைப்படமாக"த் தெரிந்தார். அந்த முதுகைப் பார்த்து ரசித்த அம்மாளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லுங்கள். அவராவது அந்தப் படத்துக்காக வெயிலில் நின்று ரசாயனத்தில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டார்.

"ஒரு பெயர்தானே டீச்சர், இதற்கு இவ்வளவு கோபமா?" 1948-ல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தாத்தாவும் அவர் அப்பாவும் இங்கே பிறந்தார்களா, காகிதம் காட்டு என்று லயத்து ஆட்களைக் கேட்டார்கள். எழுதப்படாத தாத்தாவுக்கு எங்கே போவது? மூன்று தலைமுறை உழைத்த சனம் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானது. களுத்துறைப் படத்துக்குப் பின்னால் பெயர் இருந்திருந்தால் குடியுரிமை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதரை எண்ணிக்கையாக மட்டும் பார்த்துப் பழகியவர்கள், பிறகு அவர்களை லட்சக் கணக்கில் பங்கு போடவும் கூசமாட்டார்கள் என்று சொல்கிறேன்.

ஆகவே இங்கிலாந்துத் தம்பிக்கு: அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனால், டிம்புள்ள எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லு. அங்கே வேலை செய்பவர்களிடம் இலங்கைப் படங்களைக் காட்டச் சொல்லிக் கேள். கேட்க நீ வெட்கப்படாதே, கூடு கட்டிய காசில் நம் பங்கும் இருக்கிறது.

மற்றவர்களுக்கு: படத்துக்குக் கலர் பூசாதீர்கள் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை. பூசினால் பழைய படத்தையும் சேர்த்தே வையுங்கள். வீட்டில் பரணில் கிடக்கும் ஆல்பங்களை இறக்கி, பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்து யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வரும். எந்த ஊர், எந்த வருஷம், என்ன விசேஷம். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெண் பெயர் யாருக்கும் மறக்காது, பின்னால் நாதஸ்வரத்தோடு நிற்பவர் பெயரைக் கேளுங்கள். அந்தப் பாட்டியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அதை எழுதும் உரிமை பேத்திக்கு. அவள் அசல் படத்தோடு எழுதப்போகிறாள். பொய்ப் படத்தைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் அதையும் அதே அக்கறையோடு பகிர வேண்டும். யார் செய்தீர்கள் என்று பார்ப்பேன்.

கடைசியாக ஒன்று. பொங்கல் சமயம் குழுவில் நம் 1996-ஆம் வருஷ ஐந்தாம் வகுப்புப் படத்தைப் போட்டு, "இடமிருந்து வலம்" என்று நாற்பத்தொரு மாணவர்களின் பெயரும், தலைமையாசிரியர் பெயரும், என் பெயரும் இனிஷியலோடு எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். இடது ஓரத்தில், தூணோடு ஒட்டி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவருக்கு நேரே "ஆயா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு முட்டியில் மஞ்சள் வைத்துக் கட்டியவர், மழை நாளில் ஒவ்வொருவராகத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டவர். அவர் பெயர் என் பிரதியின் பின்பக்கம் இருக்கிறது. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஒருவரை ஒருவர் கேட்டும் எழுதலாம், காப்பி அடிக்க இந்த ஒரு முறை அனுமதி. ஞாயிறு மாலை வரை நேரம். அதன் பிறகு நானே போடுகிறேன்.